ஒரு நாளைக்கு ஒரு ஆறு: டெல்டாவைக் காரில் பார்ப்பது எப்படி

காவிரி டெல்டாவைக் காரில் சுற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் பட்டியலோடுதான் வருகிறார்கள். காலையில் திருநள்ளாறு, மதியம் வேளாங்கண்ணி, சாயங்காலம் தஞ்சாவூர் பெரிய கோயில். மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். ராத்திரி அறைக்குத் திரும்பும்போது இடுப்பு வலிதான் மிச்சம். என்னிடம் யார் வழி கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள், ஒரு நாளைக்கு ஒரு ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணின் அமைப்பே அப்படி. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. அப்புறம் காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு. பனையோலை விசிறி மாதிரி விரிந்து எல்லாம் கிழக்கேயும் தெற்கேயும் கடலுக்குப் போகின்றன. ஆற்றோடு போனால் சாலை கூடவே வரும். குறுக்கே வெட்டிப் போனால் பாலம், மதகு, ரயில்வே கேட், கடைத்தெரு என்று நின்று நின்றுதான் போக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு தாண்டிவிடுவீர்கள்.

நான் வேளாண்மைத் துறையில் 31 வருஷம் வேலை பார்த்தவள். விதை, உரம், பயிர்ச் சேதக் கணக்கு என்று மொபெட்டில் அலைந்த ஊர்களைத்தான் ஓய்வு பெற்ற பிறகு கார் வாங்கி, அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு திரும்பப் பார்க்கிறேன். கும்பகோணத்தில் இருந்து கிளம்புவதாக வைத்துத்தான் எல்லாக் கணக்கும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் எந்த மாதம் என்று பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் இருப்பு குறைந்த வருஷம் தேதி தள்ளிப் போகும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள் ஆகும். ஆடி, ஆவணியில் வந்தால் ஆறு கரை தொட்டு ஓடும், குறுவைப் பயிர் பச்சென்று நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை, புயல். இங்கே களிமண் பூமி. தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம் இறங்கினால் வண்டி வாய்க்கால் பக்கமாகச் சறுக்கும். அந்த இரண்டு மாதமும் வெளியூர்க்காரர்கள் கரைச் சாலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. தை, மாசியில் சம்பா அறுவடை, இதமான வெயில், கோடியக்கரையில் பறவை. பங்குனியிலிருந்து வைகாசி வரை ஆறு முழுக்க மணல்தான். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் ஆற்றங்கரைக்குக் காரைக் கொண்டு போகவே வேண்டாம். ஊரில் நிறுத்திவிட்டு, கூட்டத்தோடு நடந்து போய்ப் பாருங்கள்.

தண்ணீர் குறைவாக இருக்கும் காலத்தில் முறை வைத்து விடுவார்கள். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள். அதனால் முந்தின நாளே டீக்கடையில் கேட்டுவிடுங்கள். டெல்டா டீக்கடையில் எந்த ஆற்றில் தண்ணீர் போகிறது என்று தெரியாத ஆள் கிடையாது.

அடுத்தது கோயில் நேரம். பெரும்பாலான கோயில்கள் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் திரும்பத் திறக்க 4 மணி ஆகும். காலை 5.30-க்குக் கிளம்பி, கோயிலைப் பத்து, பதினொன்றுக்குள் முடியுங்கள். நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும், கூரைக்குக் கீழே பார்க்கிற விஷயங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் நாள் காவிரி. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டுக் கிழக்கே கிளம்புங்கள். திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் காலை வெளிச்சத்தில் அகலமான பிரகாரத்தோடு அமைதியாக இருக்கும், ஒரு மணி நேரம் போதும். அதைத் தாண்டினால் ஆடுதுறை. நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. ஏடிடி 36, ஏடிடி 43 என்று நெல் மூட்டையில் எழுதியிருக்கிறதே, அந்த ஏடிடி இந்த ஆடுதுறைதான். சாலையிலிருந்தே பாத்தி பாத்தியாகச் சோதனை வயல்கள் தெரியும். குத்தாலம் வழியாக மயிலாடுதுறை வந்தால் துலாக் கட்டத்தில் இறங்கிப் படியில் உட்காருங்கள். ஐப்பசி மாதம் முழுக்க இங்கே நீராட வருவார்கள், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. இந்த இடத்தில் ஆறு எவ்வளவு அகலம் என்று கண்ணால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கு பின்னால் வேண்டியிருக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் சாலையில் கடலுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் மேலையூர் வரும். காவிரியின் கடைசிக் கதவணை இங்கேதான் இருக்கிறது. சுற்றுலாப் பட்டியல் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, துலாக் கட்டத்தில் அளந்து வைத்த அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருச்சியில் ஒரு கரையில் நின்றால் மறு கரை ஆள் முகம் தெரியாத ஆறு, இங்கே ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கி நிற்கும். வழியெல்லாம் பிரித்துப் பிரித்து வயலுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆறு இது. ஷட்டரின் திருகு கம்பியில் கருப்பாகக் கிரீஸ் பூசியிருக்கும். அதன் மேல் நெல் பூ போலப் பொடி ஒட்டியிருக்கும்.

ஒரு வருஷம் ஜூன் கடைசியில், கடைமடைக்குத் தண்ணீர் வருகிற அன்று அம்மாவோடு அங்கே போய் நின்றேன். முதலில் சத்தம் எதுவும் இல்லை. வெடித்துக் கிடந்த ஆற்றுப் படுகையில் ஈரம் மட்டும் ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் காய்ந்த இலை, வைக்கோல், ஒற்றைச் செருப்பு, பழுப்பு நுரை. அந்த நுரை விளிம்புக்கு முன்னால் நான்கைந்து பிள்ளைகள் பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள், தண்ணீர் தங்கள் காலைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டே. ஊர்க்காரர்கள் நெல்லையும் பூவையும் தூவினார்கள். மண் வெடிப்பில் தண்ணீர் இறங்கும்போது குபுகுபுவென்று குமிழி விட்டது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அந்தக் கலங்கல் தண்ணீரை ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். அந்த நாள் எது என்று முன்கூட்டித் தெரியாது. ஜூன் கடைசி வாரம் இந்தப் பக்கம் வருகிறவர்கள் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பூம்புகாரில் நடுப்பகல் ஆகிவிடும். 1973-ல் கலைஞர் ஆட்சியில் அமைத்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் நிழலான இடம், சுவர்ச் சிற்பங்களை வரிசையாகப் பார்த்தால் கண்ணகி கதை முழுக்க வந்துவிடும். கடலில் குளிக்க ஆசைப்படாதீர்கள். ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம், காலடி மணல் நிற்காது.

சாப்பிட்டுவிட்டுத் தெற்கே கடலோரச் சாலையில் தரங்கம்பாடி. நடுவில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நடக்கிற ஊர். முகூர்த்த நாளாக இருந்தால் ஊருக்குள் கார் நகராது, காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தரங்கம்பாடியில் வளைவு வாசலைத் தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதுதான் சரி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழில் அச்சு போட்டதும் இந்த ஊரில்தான். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கோட்டையைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல், வடக்கே பத்து நிமிஷம் நடந்து மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். பாண்டியர் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலைச் சத்தம் கருவறை வரைக்கும் கேட்கும். இருட்டுவதற்கு முன் பொறையாறு வழியாக மயிலாடுதுறை திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள் வெண்ணாறு. வலங்கைமான் வழியாக நீடாமங்கலம் போங்கள். அங்கே மூணாறு தலைப்பு என்கிற மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது. தலைப்புக்கு மேல் பக்கம் தண்ணீர் சலனமே இல்லாமல் நிற்கும், கீழ்ப் பக்கம் மூன்று வாயிலும் வெள்ளையாகப் பொங்கும். ரயில்வே கேட் மூடியிருந்தால் பொறுமையாக இருங்கள், பால்திரட்டு வாங்கிச் சாப்பிட நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். பாமணியாற்றங்கரை ஊர்தான் மன்னார்குடி. ராஜகோபாலசுவாமி கோயிலைவிட அதன் அரித்திராநதியை நான் அதிகம் விரும்புகிறேன். பெயர்தான் நதி, குளம்தான். எதிர்க்கரை தூரத்தில் தெரிகிற அளவுக்குப் பெரியது, காலை எட்டு மணிக்குள் போனால் காற்று ஜில்லென்று வரும்.

அங்கிருந்து முத்துப்பேட்டை. கோரையாறும் பாமணியாறும் கடைசியில் கலக்கிற காயலில்தான் அலையாத்திக் காடு இருக்கிறது. ஜாம்புவானோடை பக்கம் படகு கிடைக்கும். வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். தண்ணீர், தொப்பி, சாப்பாடு எல்லாம் கையோடு கொண்டு போக வேண்டும், உள்ளே எதுவும் கிடைக்காது. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். படகு கரையோரம் போகும்போது ஓர் அலையாத்தி இலையின் மேல் விரலைத் தடவி நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். கடல் தண்ணீரைக் குடித்து உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. மேட்டூரில் ஒரு மாதம் முன்னால் திறந்த தண்ணீர் கடைசியில் இந்த உப்பில்தான் முடிகிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தக் காட்டையும் இதற்கு மேற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளையும் புரட்டிப் போட்டது. அப்போது நான் சேதக் கணக்கு எடுத்தேன். நாற்பது வருஷத் தென்னை வேரோடு கிடந்த தோப்பில், தேங்காயைப் பொறுக்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். இன்று அந்தச் சாலையில் போகிறவர்கள் தென்னங்கன்றுகள் ஒரே உயரத்தில் இருப்பதைக் கவனித்தால், ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். நேரம் இருந்தால் அதிராம்பட்டினம் தாண்டி மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. நெப்போலியன் தோற்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம்.

அரசலாறு எளிதான நாள், குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் பொருந்தும். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். அடி, தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகிப் பூட்டுவார்கள். வாங்குவதாக இருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லி, மரை சரியாக ஏறுகிறதா என்று கையால் திருகிப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் அரசலாறு கடலில் சேருகிற காரைக்கால். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் பெட்ரோல் விலை குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். பாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள், சோதனைச் சாவடியில் வண்டியையே பிடித்து வைப்பார்கள். சனிக்கிழமை திருநள்ளாறு பக்கம் போக வேண்டாம். நாகூரில் தர்கா, மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக்கொடுத்த உயரமான மினார், வெளியே வந்து சூடாக இறால் வாடா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வருகிறவர்களுக்கு நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்கு முன்னால் சில நாளாகவே காவி உடுத்திய பக்தர்கள் கூட்டம் கூட்டமாகச் சாலை ஓரம் ராத்திரியிலும் நடந்து வருவார்கள். அந்த நாட்களில் பொழுது சாய்ந்த பிறகு கடலோரச் சாலையில் கார் ஓட்டாதீர்கள்.

கொள்ளிடத்துக்கு அரை நாள் போதும். அணைக்கரையில் பழைய பாலம் குறுகலானது, மெதுவாகத்தான் கடக்க வேண்டும். அக்கரையில் ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம். சாயங்காலம் திரும்பி வந்து தாராசுரம். இரண்டும் 2004-ல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தவை.

கோடியக்கரையைக் கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். முந்தின ராத்திரி நாகப்பட்டினத்திலோ வேதாரண்யத்திலோ தங்குங்கள். விடியற்காலையில் போனால்தான் வெளிமான் கூட்டம் புல்வெளிக்கு வரும். பூநாரைகளுக்குத் தை மாதம். போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் இங்கேதான் உப்பு அள்ளினார்கள். சுற்றிலும் உப்பளம். மழைக்கு முன்னால் போனால் உப்பு அம்பாரத்தைப் பனையோலையால் மூடிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சம்பா அறுத்த வயலில் இங்கே உளுந்தும் பயறும் போடுவோம். பங்குனி, சித்திரையில் செடியோடு பிடுங்கி, வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று தார் ரோட்டில் பரப்பி விடுவார்கள். விவசாயிக்குக் களம் இல்லை, ஆள் கூலி கட்டவில்லை. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும், அதனால் அவர்களைத் திட்ட மாட்டேன். ஆனால் தாழ்வான காருக்கு அது ஆபத்து. திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமச் சாலையில் அப்படி ஒரு பரப்பின் மேல் ஓட்டிவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தினேன். களை வெட்டிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தார். “அக்கா, ஆஃப் பண்ணுங்க! அடியில புகையுது!” குனிந்து பார்த்தால், சைலன்சரைச் சுற்றி உளுந்துக் கொடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, ஓரத்தில் சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. அம்மாவை இறக்கிவிட்டு, அந்தப் பெண் குடத்துத் தண்ணீரை ஊற்ற, நான் களைக்கொட்டால் இழுத்து எடுத்தேன். கார் எரியாமல் தப்பியது அவர் கண்ணில் பட்டதால்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பரப்பு கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைத்து ஓரம் இருந்தால் ஓரமாகப் போங்கள். ஓரம் இல்லை என்றால் மெதுவாகத் தாண்டுங்கள், அதன் மேல் மட்டும் நிறுத்தவே கூடாது. தாண்டியதும் சுத்தமான தார் ரோட்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, குனிந்து அடியில் பாருங்கள். கருகல் வாசனை வந்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள். டிக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு அரிவாள், தடித்த கையுறை எப்போதும் இருக்கட்டும். தை, மாசியில் நெல் காய வைத்திருந்தால் அதன் மேல் ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஒரு போகம். பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு வைக்கோல் டிராக்டரோ அறுவடை மிஷினோ வந்தால், ஒதுங்குவதற்கு மதகுத் திட்டு வரும்வரை பின்னாலேயே போங்கள். களிமண் ஓரத்தில் இறங்கி முந்த வேண்டாம்.

பெண்கள் தனியாகவோ வயதானவர்களோடோ வந்தால், பெரிய ஊரில் பெட்ரோல் பங்க், நல்ல ஓட்டல் எது கண்ணில் பட்டாலும் கழிப்பறைக்கு இறங்கிவிடுங்கள். கரைச் சாலையில் அடுத்த வசதி எங்கே வரும் என்று சொல்ல முடியாது. சில்லறையும் பத்து, ஐம்பது ரூபாய் நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உள்கிராமத்தில் போனில் பணம் போக சிக்னல் எப்போதும் இருக்காது. கோடியக்கரையோ முத்துப்பேட்டையோ போய் வந்த அன்றே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள், உப்புக் காற்று இரும்பை விடாது.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஆற்றை எதிர்த்து மேற்கே போங்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி, ஐயாறப்பர் கோயில், பயத்தம்பருப்பில் செய்கிற அசோகா அல்வா. அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை வரை காவிரி பக்கத்திலேயே வரும். மேலையூரைப் பார்த்தவர்கள் கல்லணையின் மேல் நின்று கீழே பார்க்கும்போது, இந்தத் தண்ணீர் எங்கெல்லாம் போய் எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்த கண்ணோடு பார்ப்பீர்கள். அம்மா ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு வெற்றிலையை ஆற்றில் விட்டுவிட்டு, பூம்புகாருக்கு எப்போது போய்ச் சேரும் என்று கேட்பாள். பத்து நாள் ஆகும் அம்மா, வழியில் வயலுக்குத் திரும்பாமல் இருந்தால், என்று சொல்லி வண்டியைத் திருப்புவேன்.